பதினோரு அடி அகலத் தோட்டம்

மார்ச் 4

அன்புள்ள தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். நீ எப்படி இருக்கிறாய், உன் மனைவியின் முழங்கால் வலி குறைந்ததா என்று அறிய எனக்கு நிஜமாகவே ஆவல்தான். இங்கே நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் அத்தான் பக்கத்திலேயே வந்து நிற்கிறார். மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் தன்னைப் பற்றிய பேச்சு என்றால் மட்டும் எப்படியோ புரிந்துவிடுகிறது. அதனால் தையல் மிஷின் மேல் காகிதத்தை வைத்து, ரவிக்கை அளவு குறிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு இதை எழுதுகிறேன்.

போன வாரம் மூன்றாவது முறையாக வெளியே போய்விட்டார். காலில் செருப்பில்லை. பஸ் போகிற சாலை நடுவில் நின்று, வருகிற வண்டியை எல்லாம் நிறுத்தி, "எங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர்தான் அடையாளம் தெரிந்து கூட்டி வந்தார். கதவைப் பூட்டவில்லையா என்று கேட்காதே. நாற்பது வருஷம் பூட்டு ரிப்பேர்க்காரராக ஊரார் பூட்டையெல்லாம் பிரித்துப் பார்த்த கை அது. மகன் பெயர் தடுமாறுகிறது, சாப்பிட்டோமா இல்லையா என்பது மறந்துபோகிறது, பூட்டு மட்டும் மறக்கவில்லை. புதிதாக வாங்கி மாட்டிய பூட்டை என் கொண்டை ஊசியால் திறந்து, "மட்டமான சரக்கு. யாரும்மா வாங்கினது?" என்று என்னிடமே நீட்டினார்.

என் மகன் ஒரு முடிவோடு இருக்கிறான். "நவம்பர்ல லீவுல வர்றேம்மா. அப்பவும் இப்படியே இருந்தா அப்பாவை முதியோர் இல்லத்துல விட்டுடலாம். இடம் சொல்லி வச்சிருக்கேன்" என்கிறான். டாக்டர் சொல்வது வேறு. "அவருக்கு நடந்துக்கிட்டே இருக்கணும்மா. நடக்கற மனுஷனை உக்கார வைக்க முடியாது. பத்திரமா நடக்க ஓர் இடம் இருந்தா வீட்டுலயே வச்சுக்கலாம்" என்றார்.

எங்களிடம் இருக்கிற இடம் அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தோட்டம் ஒன்றுதான். தோட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் இருட்டு. நீ ஹோட்டல்களுக்கெல்லாம் தோட்டம் போட்டுக் கொடுக்கிறவன். ஏழு மணி நேரப் பயணம்தானே, ஒரு நாள் வந்து பார்த்து, அவர் நடக்கிற மாதிரி அதை மாற்றிக் கொடு. அவரை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு இந்த வீட்டில் தனியாக என்னால் இருக்க முடியாது தம்பி. பேச்சுக்குச் சொல்லவில்லை.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

உடனே கிளம்பி வரவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் தலைக்கு மேல் வேலை. ஒரு ஆஸ்பத்திரி முற்றம், இரண்டு ஹோட்டல், எல்லாம் ஒரே நேரத்தில் என் கழுத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இடத்தைக் கண்ணால் பார்க்காமல் கோடு போடாதே என்று என்னிடம் வேலை பார்க்கிறவர்களை நான்தான் திட்டுவேன். உனக்காக அந்த விதியை மீறுகிறேன். நீளம், அகலம், எந்தப் பக்கம் வெயில், எத்தனை மணிக்கு வருகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எல்லாவற்றையும் எழுது. மிச்சத்தை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன். குறுகலான இடத்தை அகலமாகக் காட்டுவதுதானே என் பிழைப்பு.

மனதைத் தளரவிடாதே. நவம்பருக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அத்தானிடம் மண்புழு விசாரித்ததாகச் சொல். சின்ன வயதில் சேற்றிலேயே கிடந்த எனக்கு அவர் வைத்த பெயர். சிரிப்பார்.

உன் தம்பி

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. மீதி, நீ நேரில் வந்தால் வரும்.

தையல் டேப்பால் அளந்தேன். அறுபது அங்குல டேப்பைத் தரையில் வைத்து வைத்து நகர்ந்ததில் இடுப்பு போய்விட்டது. அடுப்படிக் கதவருகே பதினோரு அடி. கடைசிச் சுவரருகே ஒன்பதரை. நீளம் நாற்பத்தேழு. பேண்ட் கால் மாதிரி போகப் போகக் குறுகுகிறது. உனக்குப் புரியட்டும் என்று லைனிங் துணியில் அதே வடிவத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் போட்ட இடம் சாக்கடை மூடி. கறுப்பு நூல் போட்டது பின்சந்துக்குப் போகிற கதவு. அது கடைசிச் சுவரின் இடது மூலையில் இருக்கிறது.

வெயில் பதினொன்றரைக்கு வரும், ஒன்றேகாலுக்குப் போய்விடும். மேற்கே மூன்று மாடிச் சுவர். கிழக்கே பக்கத்து வீட்டு மரம் பாதித் தோட்டத்தை மூடிக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டைக் கட்டித் தொண்ணூறு வருஷம் என்கிறார்கள். கட்டியவர் கூரையை அவ்வளவு உயரமாக வைத்துவிட்டு, தோட்டத்துக்கு வெயில் வைக்க மறந்துவிட்டார். செங்கல் சுவர் முழுக்கப் பாசி. வருகிற செடியும் வெளுத்துப்போய் வருகிறது.

முக்கியமான ஒன்று. உன் அத்தான் நிழலை மிதிக்க மாட்டேன் என்கிறார். தரையில் நிழல் விழுந்தால் அதைப் பள்ளம் என்று நினைக்கிறார். மரத்தின் நிழல் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிடுவார். "குழி இருக்கு, போகாதீங்கம்மா" என்று என்னையும் இழுத்துப் பிடிப்பார். அப்புறம், சுவர் வந்து முட்டினால் திரும்பத் தெரியவில்லை. அங்கேயே நின்றுகொண்டு தட்டுகிறார்.

மண்புழு விசாரித்ததாகச் சொன்னேன்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல். என்ன வேலை இருந்தாலும் ஒரு நாள் வா.

உன் அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீ வெட்டி அனுப்பிய துணியை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் ஆட்கள் போட்டுத் தருகிற வரைபடத்தைவிட இது திருத்தமாக இருக்கிறது. வேலை வேண்டுமென்றால் சொல்லியனுப்பு.

பதினைந்து நாள் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வரைபடம் உள்ளே இருக்கிறது, கொத்தனாரிடம் கொடு. சுருக்கம் இதுதான். பாதை முட்டவே கூடாது. இடப்பக்கச் சுவர் ஓரமாகப் போய், கடைசியில் வளைந்து, வலப்பக்கச் சுவர் ஓரமாக அடுப்படிக்கே திரும்ப வேண்டும். பாதை மூன்றடி அகலம் இருக்கட்டும். நடுவில் படகு மாதிரி ஒரு நீளப் பாத்தி. அத்தான் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நிற்க வேண்டிய இடமே வராது. படி இல்லை, மேடு இல்லை. பாதை முழுக்க வெளிர் மஞ்சளாக ஒரே நிறத்தில் பூசட்டும். பாத்தியில் பெரணியும், வெள்ளைப் பூ மட்டும் பூக்கிற செடிகளும் வை. நிழலில் வெள்ளை ஒன்றுதான் கண்ணில் படும்.

பின்சந்துக் கதவுக்குப் பூட்டே போடாதே. பூட்டைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. வெறும் தாழ்ப்பாள் போட்டு, கதவுக்குச் சுவரின் நிறத்தையே அடித்து, மேலே கொடியைப் படரவிடு. கதவு என்று ஒன்று இருப்பது தெரிந்தால்தானே திறப்பார்.

இனி என் கைவரிசை. கடைசிச் சுவரின் நடுவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டப்போகிறேன். பழைய காலத்து வாசல்நிலை மாதிரி மரச்சட்டம் போட்டு நானே செய்து அனுப்புகிறேன். மத்தியான வெயில் அதில் பட்டுத் திரும்பி, மரத்தடி இருட்டில் விழும். அத்தான் சொல்கிற குழியெல்லாம் காணாமல் போகும். அது மட்டுமில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோட்டம் இருக்கிற மாதிரி தோன்றும். ஹோட்டல்காரர்கள் இதற்காகவே என்னைத் தேடி வருகிறார்கள். இடித்தாலும் விழாதபடி நாலு மூலையிலும் சுவருக்குள் இறுக்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.

வேலை கொஞ்சம் ஓயட்டும், வருகிறேன்.

உன் தம்பி

ஜூன் 12

அன்புள்ள தம்பி,

நீயும் உன் வீட்டுக்காரியும் நூறு வயது இருக்க வேண்டும். இன்றைக்கு மனசார எழுதுகிறேன்.

தோட்டம் முடிந்துவிட்டது. கொத்தனார் முதலில் உன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதென்னம்மா, ரயில் விடப் போறீங்களா?" என்று கேட்டார். மூன்று வாரம் வீடெல்லாம் சிமெண்டு. பாதை காய்ந்த அன்று உன் அத்தானைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். ஒரு காலை வைத்துப் பார்த்தார். அப்புறம் இன்னொரு காலை வைத்தார். பிறகு என் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து இருபத்தாறு வரை எண்ணினேன். அதற்கு மேல் கண் மறைத்தது.

மூன்று வாரமாக வாசல் பக்கமே போகவில்லை. நடந்த அசதியில் சாப்பிடுகிறார், தூங்குகிறார். பின்கதவை அவர் கண்டுபிடிக்கவே இல்லை. என்னிடம் ரொம்ப மரியாதை. "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்கிறார். முப்பத்தாறு வருஷத்தில் கிடைக்காத மரியாதை இப்போது கிடைக்கிறது, வேண்டாம் என்று சொல்வானேன்.

டாக்டரிடம் சொன்னேன். "இப்படியே போனா இல்லம் எதுக்கு?" என்றார். மகனுக்கு அந்த வார்த்தையை அப்படியே எழுதிப் போட்டிருக்கிறேன்.

கண்ணாடி திங்கட்கிழமை வந்தது. மாட்டியாகிவிட்டது.

உன் அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை சத்தம் போட்டுப் படித்தேன். உன் தம்பி பெண்டாட்டி, அதாவது என் வீட்டு அம்மணி, மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். இருபத்தாறு சுற்று! என் வாழ்நாளில் எந்த ஹோட்டல்காரனும் என் தோட்டத்தைச் சுற்றி இரண்டு முறைக்கு மேல் நடந்ததில்லை.

ஆனால் என் கண்ணாடியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டாயே. அதுதானே இதில் உயிர். வெளிச்சம் எந்த இடம் வரை விழுகிறது? மரத்தடியில் அத்தான் தயங்காமல் நடக்கிறாரா? தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தோட்டம் தெரிகிறதா? மூன்று கேள்விக்கும் விவரமாக எழுது. யாரையாவது விட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே ஒருவருக்கு இதே மாதிரி செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

அத்தான் உடம்பு எப்படி? உன் உடம்பையும் கவனி.

உன் தம்பி மண்புழு

ஜூலை 31

தம்பி,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தையல் வேலை சேர்ந்துவிட்டது.

பெரணி நன்றாகத் தழைத்திருக்கிறது. வெள்ளைப் பூச்செடி இரண்டு அழுகிப்போனது, மற்றவை பிழைத்துக்கொண்டன. கொடி பின்கதவை முழுசாக மூடிவிட்டது.

அத்தானுக்கு வலது கையில் ஒரு சின்னக் காயம். ஆறு தையல் போட்டிருக்கிறது. பிரித்தாகிவிட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை.

போட்டோ எடுக்க ஆள் கிடைக்கவில்லை. நீ எப்போது வருகிறாய்?

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு சுகம். உன் கடிதம்தான் சரியில்லை. உன் கையெழுத்தில் இவ்வளவு சின்னக் கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. மூன்று கேள்வி கேட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆறு தையல் போட்ட காயத்தைச் சின்னக் காயம் என்று எழுதியிருக்கிறாய். ஒரு பொத்தான் தைக்கவே ஆறு தையல் பத்தாது என்று சண்டை போடுகிறவள் நீ.

என்ன நடந்தது? என் பாதையில் வழுக்கிவிட்டாரா? கொத்தனார் வரைபடத்தை மாற்றிவிட்டானா? கண்ணாடியின் பேச்சே இல்லையே, சரியாக மாட்டவில்லையா? மளமளவென்று எழுது. எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒழிந்ததும் வருகிறேன். இந்த மாதம் முடியாது, ஆஸ்பத்திரி முற்றம் இழுத்துக்கொண்டே போகிறது.

உன் தம்பி

செப்டம்பர் 15

அன்புள்ள தம்பி,

உன் வீட்டில் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். என் வீட்டு விஷயத்தை மறைத்து மறைத்து எனக்கே மூச்சு முட்டுகிறது. நீ ஆசையாகச் செய்த பொருள், உன் மனசு நோகுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உன் கண்ணாடியில் ஒரு ஆள் இருக்கிறார். உன் அத்தானுக்கு அது தான்தான் என்று தெரியவில்லை. முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஆளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். "பக்கத்து வீட்டுக்காரர் தங்கமானவரும்மா. நான் கையெடுத்தா அவரும் கையெடுக்கறாரு" என்று என்னிடம் வந்து சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஜூலையில் ஒருநாள் மத்தியானம் டீயைக் கொண்டுபோய் அவர் பின்னால் நின்றேன். கண்ணாடியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அவளை விடு! விடுடா அவளை!" என்று கத்திக்கொண்டே கையால் ஓங்கி ஓங்கிக் குத்தினார். கீழ்மூலை விரிசல் விட்டுக் கை கிழிந்துவிட்டது. டீயும் ரத்தமுமாகப் பாதையெல்லாம். யாரைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ திருடனைக் கண்டமாதிரி நினைத்திருப்பார் என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய படுக்கை விரிப்பில் உறை தைத்துக் கண்ணாடியை மூடினேன். அன்றிலிருந்து நடையே போயிற்று. காலையில் போய் அந்த விரிப்பின் முன்னால் நிற்கிறார், சாயங்காலம் வரை நிற்கிறார். வற்புறுத்தி உள்ளே அழைத்து வந்தால் வாசல் பூட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போகிறார். இந்த மாதத்தில் மட்டும் நான்கு முறை. மகனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நவம்பர் இரண்டாம் தேதி டிக்கெட் எடுத்துவிட்டான்.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். "போல்ட்டெல்லாம் சுவத்துக்குள்ள போயிருக்கும்மா. நான் நெம்புனா தூள் தூளாயிரும். அப்புறம் ஐயா அது மேலதான் நடப்பாரு" என்று கையை விரித்துவிட்டார். செய்தவன் நீ, நீதான் கழற்ற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மரியாதை கிடைக்கிறது என்று ஜூனில் வேடிக்கையாக எழுதினேன் இல்லையா? வேடிக்கை இல்லை. மார்ச்சிலிருந்தே அவருக்கு என்னைத் தெரியாது. என்னைச் சம்பளத்துக்கு வைத்த நர்ஸ் என்று நினைக்கிறார். "உங்க வீட்டுல தேட மாட்டாங்களாம்மா? நீங்க கிளம்புங்க" என்று தினமும் சாயங்காலம் எனக்கு விடை கொடுக்கிறார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய், தெருமுனை வரை நடந்து, திரும்பி வருகிறேன்.

வா தம்பி. தோட்டத்துக்காக வேண்டாம், எனக்காக வா.

உன் அக்கா

அக்டோபர் 14

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என் மனைவி உன்னை விசாரித்து எழுதச் சொன்னாள். என்னோடு அவள் பேசி மூன்று நாளாகிறது.

சனிக்கிழமை நான் வந்தேன். உன் ஊருக்கு, உன் தெருவுக்கு, பின்சந்து வரைக்கும் வந்தேன்.

எனக்கு ஆஸ்பத்திரி முற்றமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வேலை மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. எனக்குப் பயம். அப்பா போன பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த மனிதர். அவர் என்னைப் பார்த்து யார் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். அதனால்தான் ஒரு துணித்துண்டை வைத்துக்கொண்டு இங்கிருந்தே தோட்டம் போட்டேன். ஒருநாள் வந்து அவரோடு பாதையில் நடந்திருந்தால் அந்தக் கண்ணாடியை மாட்டியிருக்க மாட்டேன். நிஜக் கதவை மறைத்தேன், பொய் வாசலை வைத்தேன், அதுவும் ஒரு பூட்டுக்காரர் கண்ணெதிரே. உன் கடிதத்தைப் படிக்கப் படிக்க என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

முன்வாசலுக்கு வரத் தைரியமில்லாமல்தான் பின்சந்துக்குப் போனேன். கதவின் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். கொடிக்கு நடுவில் கொஞ்சம் தெரிந்தது. அத்தான் விரிப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு இளைத்துவிட்டார். "அத்தான்" என்று கூப்பிட்டேன். பக்கத்தில் வந்து, "யாருங்க?" என்றார். "மண்புழு" என்றேன். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்களே. தப்பா வந்துட்டீங்க போல" என்றார். அவ்வளவு பணிவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று அழுதுவிட்டு, அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டேன்.

கழற்ற வேண்டிய திருப்புளிகள் எல்லாம் என் பையில் இருந்தன. என்னை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. என்ன செய்யட்டும் என்று மட்டும் சொல்.

தம்பி

நவம்பர் 6

அன்புள்ள தம்பி,

உன்னோடு பேசும்படி நான் சொன்னதாக உன் மனைவியிடம் சொல். நீ செய்ததை நான் திட்டிக்கொள்கிறேன், அவள் வேறு எதற்கு.

நீ வந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். உன் அத்தான் அடுப்படிக்கு மூச்சிரைக்க வந்தார். "பின்னாடி ஒரு ஆள் நிக்கறாரும்மா. அழறாரு. உள்ள கூப்பிடலாம்னு பாத்தா அந்தச் சுவத்துல கதவையே காணோம்" என்றார். இரண்டு கையும் பச்சை. கொடியைப் பிய்த்துப் பிய்த்துக் கதவைத் தேடியிருக்கிறார். நான் சந்துக்கு ஓடி வந்தேன், நீ போய்விட்டாய். உன் பெயரை மறந்தவருக்கு, அழுகிறவனை உள்ளே கூப்பிட வேண்டும் என்பது மறக்கவில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிற நீ ஓடிவிட்டாய். இதற்கு மேல் திட்டத் தெம்பில்லை.

மகன் வந்துவிட்டான். சண்டை போடுவான் என்று நினைத்தேன், போடவில்லை. அப்பா அவனை "சார்" என்று கூப்பிட்டதும் அடுப்படியில் போய் அழுதான். திங்கட்கிழமை இல்லத்து வண்டி வருகிறது. நான் மறுக்கவில்லை தம்பி. போன வாரம் மறுபடியும் அதே பஸ் சாலை. ஒரு வண்டிக்காரர் பிரேக் போட்டதால் இருக்கிறார். என்னால் முடியவில்லை. தோற்றுப்போய்விட்டேன்.

நேற்று அவர் துணிகளை அடுக்கி முடித்ததும், போகிற மனிதர் கடைசியாக அந்த ஆளையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. உறையின் தையலைப் பிரித்தேன். குத்தினால் பிடித்துக்கொள்ளலாம் என்று அவரை ஒட்டியே நின்றேன். இந்த முறை குத்தவில்லை. கண்ணாடியில் தெரிந்த என் முகத்தின் மேல் கையை வைத்தார். என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் மட்டும் கூப்பிடுகிற பெயர் அது, உனக்குக்கூடத் தெரியாது. எட்டு மாதமாக அதைக் கேட்கவில்லை. அப்புறம் பக்கத்தில் நிற்கிற என்னைத் திரும்பிப் பார்த்து, "இவதாம்மா என் வீட்டுக்காரி" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

ஜூலையில் "அவளை விடு" என்று கத்தியது என்னைத்தான். நான் வேறொருவனோடு நிற்கிறேன் என்று அன்றைக்குத் தவித்திருக்கிறார். நான் அந்த முகத்தைத்தான் கிட்டத்தட்ட நான்கு மாதமாகப் படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தேன்.

"பக்கத்துல இருக்கறவர் யாருங்க?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார். "தெரியலம்மா. வயசான ஆளு. பாத்தா நல்லவராத்தான் தெரியுது. இருக்கட்டும், அவளுக்கும் துணை வேணும்ல" என்றார்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை காலை முன்வாசல் வழியாக வா. அந்தக் கண்ணாடியை உடையாமல் கழற்று. இல்லத்தில் பேசிவிட்டேன், அவர் அறையில் கட்டிலுக்கு எதிரே மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நான் பார்க்கப் போகும்போது அதன் முன்னால் அவரோடு நிற்பேன். வேறு எங்கே நின்றாலும் அவருக்கு நான் யாரோதான். உன்னை யார் என்று கேட்பார். கேட்டால் பதில் சொல். ஓடாதே.

நேற்று சாயங்காலம் என் கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடியின் சட்டத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தேடறீங்க?" என்று கேட்டேன்.

"சாவி ஓட்டைம்மா. அவ அந்தப் பக்கம் நிக்கறா, நான் இந்தப் பக்கம் நிக்கறேன். எத்தனையோ பூட்டைத் தொறந்துட்டேன். இந்தக் கதவுல பூட்டே இல்ல" என்றார். கொண்டை ஊசியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

உன் அக்கா